சேலைக்கு நிறம் மாறாத பச்சோந்தி

ஸ்ஸ்க். ஸ்ஸ்க். பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் மரக்கறிக் கடை வாசலில் ஒருவர் தண்ணீர்ப் போத்தலின் விசையை அமத்தி அமத்தி முருங்கைக்கீரைக்குத் தெளித்துக்கொண்டிருக்கிறார். விமானத்தில் வந்த களைப்புத் தீராத கீரை. தண்ணீர் பட்டதும் இப்போதுதான் பிடுங்கியது போல நடிக்கத் தொடங்குகிறது. என்னுடைய சப்பாத்துக்கும் சேர்த்துத்தான் தெளிக்கிறார், சப்பாத்து நடிக்கவில்லை.

இந்தச் சத்தத்துக்கு எனக்குக் கீரை நினைவு வருவதில்லை. இலை நுனியில் தொங்குகிற ஒரு துளி வருகிறது. அதைக் குடிக்க வாய் திறக்கிற, உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு பிராணி வருகிறது. அதற்குப் பின்னால், கடும் குளிரில் மேல்சட்டை இல்லாமல் பட்டு வேட்டியோடு நின்ற அத்தான் வருகிறார்.

லாச்சப்பலில் பச்சோந்தி என்ற சொல் தினமும் காதில் விழும். பிராணியைக் குறித்து ஒரு நாளும் விழுந்ததில்லை. ஒரு கோயில் நிர்வாகத்தை விட்டு மற்றக் கோயில் நிர்வாகத்துக்குப் போனவர் பச்சோந்தி. போன வருடம் ஒரு மேடையில் பேசி இந்த வருடம் எதிர் மேடையில் பொன்னாடை வாங்கியவர் பச்சோந்தி. இதைத் தேத்தண்ணிக் கடையில் மேசையில் தட்டிச் சொல்கிறவர் விசாவுக்குப் போகிற பிரெபெக்தூரில் ஒரு முகம், வங்கியில் ஒரு முகம், மாமியார் தொலைபேசியில் வந்தால் ஒரு முகம் என்று வாழ்கிறவர். அவரை யாரும் ஒன்றும் சொல்வதில்லை. அது திறமை.

உண்மையான பச்சோந்தி எங்கள் குடும்பத்துக்குள் வந்தது என் மருமகளால். அக்காவுக்கும் அத்தானுக்கும் ஒரே மகள். இங்கே பிறந்தவள். தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்வாள். கோபம் வந்தால் பதிலே சொல்ல மாட்டாள்; அது இரண்டு மொழியிலும் நன்றாக விளங்கும். பதின்மூன்று வயதில் அவள் பெரியபிள்ளையானாள். அக்கா அதை ஒரு கிழமை இரகசியமாக வைத்திருந்தா. பிறகு பாரிஸுக்கும் சுற்றியுள்ள எல்லா ஊர்களுக்கும் சொன்னா.

சாமத்தியவீடு என்றால் என்ன என்று எங்கள் ஆட்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஆனால் அது இங்கே என்னவாகிவிட்டது என்பதை ஒருக்கால் சொல்லி வைக்கலாம். ஒரு பிள்ளைக்கும் அவளுடைய வயிற்றுநோவுக்கும் இடையில் முடியவேண்டிய ஒரு விசயம். அதற்கு மண்டபம், மணவறை, டிஜே, ட்ரோன், ஆளுயரக் கேக். ஒருவர் மகளை வெள்ளைக் குதிரையில் கொண்டு வந்தார். அடுத்தவர் சேன் நதியில் படகில் கொண்டு வந்தார். அதற்கடுத்தவர் ஹெலிகொப்டர். பூமியில் வழிகள் முடிந்துவிட்டன என்று எல்லோரும் கவலைப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில்தான் அத்தானின் முறை வந்தது.

மருமகள் மாட்டேன் என்றாள்.

"நான் மேடையில் இருக்க மாட்டேன்" என்றாள் பிரெஞ்சில். "எனக்கு என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டு எல்லோரும் என்னை வந்து பார்ப்பார்கள்."

"எல்லாருக்கும் தெரிஞ்ச விசயந்தானேயம்மா" என்றார் அத்தான்.

"தெரிவது வேறு. அறிவிப்பது வேறு."

"இதென்ன புதுக் கதை. உன்ரை மச்சாள்மார் எல்லாரும் இருந்தவை."

"அவர்களைக் கேட்டீர்களா?"

கேட்கவில்லை. அது சடங்கில் இல்லை.

மண்டபம் பாரிஸ் புறநகரான பொபினியில் பதிவாகிவிட்டது. குளிர்காலம், ஞாயிற்றுக்கிழமை. அக்கா அழுதா, அத்தான் சாப்பாட்டை ஒதுக்கினார், மருமகள் அறைக் கதவைப் பூட்டினாள். இப்படியே கிழமைகள் போயின. பிறகு ஒரு நாள் சாப்பாட்டு மேசையில், நானும் இருக்கத்தக்கதாக, அவள் ஒரு நிபந்தனை போட்டாள். பள்ளிக்கூடத்தில் அவள் ஒரு பிராணியைப் பற்றி எக்ஸ்போசே, வகுப்புக்கு முன்னால் ஒரு பேச்சு, செய்திருந்தாள். மடகாஸ்கரின் மலையுச்சிகளில் வாழ்கிற ஒரு சின்னப் பச்சோந்தி. பிரெஞ்சில் அதற்கு நகைப் பச்சோந்தி என்று பெயர்.

"உயிருள்ள நகைப் பச்சோந்தி ஒன்று மேடையில் என் பக்கத்தில் இருந்தால் ஏறுகிறேன். இல்லாவிட்டால் இல்லை."

அத்தான் கையைத் துடைத்துக்கொண்டு அவளிடம் நீட்டினார். "வாக்கு?"

"வாக்கு."

"நானும் வாக்குத் தாறன். அது இல்லாட்டி மேடை இல்லை."

அத்தானுக்கு வாக்கு என்றால் உயிர். வாக்குத் தவறாதவர் என்று அவரைப் பற்றி ஊரே சொல்லும். பெரும்பாலும் அவர் பக்கத்தில் நிற்கும்போது. கை குலுக்கிய பிறகு மருமகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். படிக்கட்டில் இறங்கும்போது காதுக்குள் சொன்னாள்: "மாமா, அது ஒரு தீவின் நடுவில், ஒரு மலையின் உச்சியில், புல்லுக்குள் இருக்கிறது. அப்பாவால் முடியாது."

பாவம், பிள்ளைக்கு எங்கள் ஆட்களைத் தெரியாது. எங்கள் ஆட்களிடம் கிடைக்கக்கூடியதைக் கேட்டால்தான் இழுத்தடிப்பார்கள். கிடைக்காததைக் கேட்டால் அது மானப் பிரச்சினை.

அடுத்த கிழமையே வீடியோக்காரர், அப்படி ஒன்றை வளர்க்கிறவரின் முகவரியோடு வந்தார். சாமத்தியவீட்டுக் கலையில் அவர் எங்கள் பகுதியின் பேரறிஞர். ஹெலிகொப்டர் அவருடைய யோசனைதான். வரும்போதே அடுத்த யோசனையும் கொண்டு வந்தார்.

"அண்ணை, பிள்ளை சேலை மாத்த மாத்த அதுவும் நிறம் மாறும். நான் குளோசப்பிலை எடுப்பன். முதல் மாம்பழ மஞ்சள். பிறகு கிளிப்பச்சை. பிறகு மயில்நீலம்."

"சிவப்புக்கும் மாறுமோ?" என்று கேட்டா அக்கா.

"மாறும் அக்கா."

"கரைக்கு?"

வீடியோக்காரர் கொஞ்சம் யோசித்தார். "கரைக்குக் கொஞ்சம் நேரம் எடுக்கும்."

அக்காவின் முகம் மலர்ந்தது. பெயரிலேயே நகை இருக்கிற ஒரு பிராணி, சேலைக்கு ஏற்றபடி நிறமும் மாறும் என்றால், அது ஏதோ எங்களுக்காகவே படைக்கப்பட்டது என்றுதான் அவ நினைத்திருக்க வேண்டும்.

முகவரி ஓல்னே-சூ-புவாவில் இருந்தது. வான் வைத்திருக்கிறவன் நான் என்பதால் அனுப்பப்பட்டவனும் நான். ஒபர்வில்லியேயில் ஒரு மொத்த வியாபாரக் களஞ்சியத்துக்குச் சாமான் ஏற்றி இறக்குகிற வான் அது. எங்கள் குடும்பத்தின் எல்லா நல்லது கெட்டதுக்கும் ஓடும்.

கதவைத் திறந்தவர் புதுச்சேரிக்காரர். அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பல வருடம் மடகாஸ்கரின் தலைநகர் அந்தனானரிவோவில் வேலை பார்த்தவர். வீட்டுக்குள் மங்கிக் குல்லாவும் கம்பளிக் கோட்டும் கையுறையும் போட்டிருந்தார். ஏன் என்று உள்ளே போனதும் விளங்கியது. வரவேற்பறை யன்னல் அகலத் திறந்து கிடந்தது. குளிர் உள்ளே வந்து கதிரையில் இருந்தது.

"உக்காருங்க முசியே. கோட்டைக் கழட்டாதீங்க. இவங்க மலைக்காரங்க, சூடு ஆகாது. ராத்திரி உறைபனி விழுற இடம் அவங்க ஊரு. வெயில் கூடினா செத்துடுவாங்க."

பச்சோந்தி என்றால் காடு, வெக்கை, பெரிய மரம் என்று நினைத்திருந்தேன். இந்த இனத்துக்கு மரமே தேவையில்லை என்றார். அங்கே மலை உச்சியில் மரம் முடிந்து போகும். புல்லும் முழங்காலளவு பற்றையும் மட்டும்தான். அதற்குள்தான் இவை பிறந்து, சண்டை பிடித்து, முட்டையிட்டு, ஒன்றிரண்டு வருடத்துக்குள் வாழ்க்கையை முடித்துக்கொண்டு போகும். மாடு மேய்க்கிறவர்கள் புதுப் புல்லுக்காகப் பழைய புல்லைக் கொளுத்துவார்கள். நெருப்பு வரும்போது இவற்றால் ஓட முடியாது. ஓடுவதற்காகச் செய்யப்பட்ட கால் இல்லை அது. பிடிப்பதற்காகச் செய்யப்பட்ட கால். ஆகவே பிடித்துக்கொண்டே இருக்கும்.

அவர் போத்தலை எடுத்து வலைக்கூட்டுக்குள் தெளித்தார். ஸ்ஸ்க். ஸ்ஸ்க். ஒரு இலைக்குப் பின்னால் இருந்து அது வந்தது.

ஒரு கால் வைத்தது. அந்தக் காலைத் திரும்ப எடுத்தது. முன்னுக்கும் பின்னுக்கும் ஆடியது. காற்றே இல்லாத இடத்தில் காற்றில் ஆடுகிற இலையாக ஆடியது. இருண்ட பச்சை உடம்பு. விலாவில் நீளவாக்கில் வெளிறிய கோடுகள். கோடுகளுக்கு இடையில் சிவப்புப் பொட்டு, மஞ்சள் பொட்டு, திரும்பச் சிவப்புப் பொட்டு. யாரோ பொறுமைசாலி ஒருத்தி குளிர்கால மாலை முழுக்க இருந்து ஊசியால் வைத்தது போல. ஒரு கண் என்னைப் பார்த்தது. மற்றக் கண் என்னைப் பார்க்க விருப்பமில்லாமல் யன்னலைப் பார்த்தது. துளியை வாயில் வாங்கி, மிக நிதானமாக, விழுங்கிவிட்டேன் என்பதை நம்பாத முகத்தோடு விழுங்கியது.

 அக்கா நினைத்தது சரி, நகைதான்.

"பேப்பர் எல்லாம் இருக்கா?" என்று கேட்டேன். லாச்சப்பல்காரன் எந்த உயிரைப் பார்த்தும் கேட்கிற முதல் கேள்வி.

"எல்லாம் சரியா இருக்குது. இங்கயே கூண்டுல பொறந்தது. சர்த்திபிக்கா இருக்குது."

வதிவிடப் பத்திரத்துக்காக எங்களில் சிலர் வருடக்கணக்காகக் காத்துக் கிடக்கிற பாக்கியம். பிராணி தலையை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டது.

மேடைக்குத் தர மாட்டேன் என்றார் முதலில். இது பெண். ஆண் ஒன்றைப் போன மாதம் பக்கத்தில் விட்டுப் பார்த்தாராம். "ஒண்ணும் நடக்கல. ரெண்டும் ஆளுக்கொரு பக்கம் பாத்துக்கிட்டு இருந்திச்சு, நம்ம பழைய ஆபீஸ் மாதிரி." இன்னொரு தடவை முயல வேண்டும், அதுவரை அலைக்கழிக்க முடியாது. அப்போது நான், வேறு வழியில்லாமல், அங்கே மைக் இருக்கும் என்றேன்.

அவர் குல்லாவைக் கழற்றினார்.

"எத்தனை பேர் வருவாங்க?"

"மண்டபம் நிறைய."

"தமிழங்க?"

"முழுக்க."

நெடுங்காலமாக அவரிடம் ஒரு பேச்சு இருந்தது. பச்சோந்தி நிறம் மாறுவது ஒளிந்துகொள்ள அல்ல என்று தமிழ்ச் சமூகத்துக்குச் சொல்ல வேண்டும். அதன் தோலுக்குள் பளிங்குத் துகள்கள் அடுக்கியிருக்கின்றன, அவை நெருங்கினால் ஒரு நிறம், விலகினால் ஒரு நிறம். காலையில் குளிர்ந்து கிடக்கும்போது வெயிலைக் குடிக்கக் கறுக்கும். மற்றபடி நிறம் என்பது அதன் பேச்சு. பயம், கோபம், விருப்பம், விருப்பமின்மை, எல்லாம் தோலில். பக்கத்தில் என்ன நிறம் இருந்தாலும் அதற்கு அக்கறை இல்லை. இதைத் தன் பிள்ளைகளுக்குச் சொன்னார், அவர்கள் கைத்தொலைபேசியைப் பார்த்தார்கள். மாடி வீட்டுக்காரருக்குச் சொன்னார், அவர் மின்தூக்கியை விட்டுப் படியால் போகத் தொடங்கினார். இப்போது ஒரு மண்டபம் நிறையத் தமிழர்கள், மைக்கோடு.

"ஒரு சேலைக்கு மட்டும்" என்றார். "பெட்டியில, நிழல்ல, லைட் மேல படாம. அப்புறம் நான் பேசுவேன்."

அத்தான் தொலைபேசியிலேயே வாக்குக் கொடுத்தார். சேலைக்கு நிறம் மாறாதாம் என்று நான் சொன்னபோது மட்டும் சிரித்தார்.

"அது எங்கடை லைற்றைக் காணேல்லை மச்சான்."

மருமகளுக்குத் தகவலைச் சொன்னவனும் நான்தான். கைத்தொலைபேசியில் படத்தைக் காட்டினேன். முதலில் அவளுடைய முகத்தில் ஒரு வெளிச்சம். புத்தகத்தில் மட்டும் பார்த்த ஒன்று உண்மையாகவே கண்ணைச் சுழற்றுகிறது. அதற்குப் பிறகுதான் அதன் பொருள் இறங்கியது. கைத்தொலைபேசியைத் திருப்பித் தந்தாள்.

"நான் வாக்குக் கொடுத்துவிட்டேன், இல்லையா" என்றாள். அது கேள்வி இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரிக்காரரை ஏற்றிக்கொண்டு பொபினிக்கு வான் ஓட்டினேன். ஹீற்றர் போடக்கூடாது என்று உத்தரவு. இரண்டு ஆம்பிளைகள் பல்லுக் கிட்டியபடி, நடுவில் துணி போர்த்திய பெட்டிக்குள் ஒரு சீமாட்டி. அவர் பேச்சை மடியில் வைத்து உதட்டை அசைத்துப் படித்துக்கொண்டு வந்தார். கோட்டுக்குக் கீழே கழுத்துப்பட்டி கட்டியிருந்தார்.

மண்டபத்துக்குள் வெயில்காலம். மேடையில் எரிந்த விளக்குகளுக்குக் கீழே மணவறையின் பிளாஸ்ரிக் பூக்களே வியர்த்தன. ஆலத்தித் தட்டுகள் வரிசையாக இருந்தன. மாமன் உடைக்க வேண்டிய தேங்காய் மஞ்சள் பூசித் தயாராக இருந்தது. மாமன் உடைக்காமல் எதுவும் தொடங்க முடியாது. எங்கள் சடங்கில் எனக்கிருக்கும் ஒரேயொரு அதிகாரம் அந்தத் தேங்காய்.

பின்னுக்கு அலங்கார அறை. பெரிய கண்ணாடி, அதைச் சுற்றிக் குண்டு குண்டாக மின்குமிழ்கள். மருமகள் மாம்பழ மஞ்சள் சேலையோடு கதிரையில் இருந்தாள். அவளுடையது அல்லாத முடி இடுப்பு வரை தொங்கியது. மேக்கப்காரப் பெண் அவளை அவளுடைய அம்மாவையும் என்னையும் எங்கள் முழுப் பரம்பரையையும் விட வெள்ளையாக்கி முடித்திருந்தா. அந்த மண்டபத்தில் சூழலுக்கு ஏற்றபடி நிறம் மாறியிருந்த ஒரே உயிர் அவள்தான்.

புதுச்சேரிக்காரர் பெட்டியை மேசையில் வைத்து, தண்ணீர் காட்டத் துணியை விலக்கினார். மருமகள் கதிரையை நெருக்கி இழுத்தாள். அதுவரை அசையாத அவளுடைய முகம், அந்த மாவுக்குக் கீழே எங்கேயோ, அசைந்தது.

"வணக்கம்" என்றாள் அதனிடம், பிரெஞ்சில்.

அது அவளைப் பார்க்கவில்லை. கண்ணாடியைப் பார்த்தது. கண்ணாடிக்குள் இன்னொரு பச்சோந்தி நின்றது.

நடந்தது மெதுவாகத்தான் நடந்தது. பச்சை உள்ளே இழுபட்டுப் போனது. மேலேயிருந்து கீழே ஒரு கறுப்பு இறங்கியது. விளக்கு அணைந்த வீட்டின் கறுப்பு இல்லை, அடுப்புக்கரி உள்ளே கனன்றுகொண்டிருக்கிற கறுப்பு. அதன் மேல் சிவப்புப் பொட்டுகளும் மஞ்சள் பொட்டுகளும் ஒவ்வொன்றாகப் பற்றிக்கொண்டன. உடம்பைத் தட்டையாக்கிப் பெரிதாக்கியது. வாயைத் திறந்து, காது கூர்ந்தால் மட்டும் கேட்கிற ஒரு சீறல் சீறியது. இடமும் வலமும் ஆடியது.

"மாறுது அண்ணை" என்று வீடியோக்காரர் கமராவைத் தூக்கினார். "நான் சொன்னனான்."

"மஞ்சள் சேலைக்கு ஏன் கறுப்பு வருது?" என்றா அக்கா.

வீடியோக்காரர் குனிந்து சேலையைப் பார்த்தார். "கரைக்கு மாறுது போல."

"நல்ல நாளிலை கறுப்போ. தம்பி, அதை வேறை நிறத்துக்கு மாத்தச் சொல்லு."

மருமகள்தான் முதலில் சொன்னாள். பிரெஞ்சில், குரலைத் தாழ்த்தி, அந்த வயதானவரிடம்: "இது வயிற்றில் முட்டையோடு இருக்கிறது. பெண் இந்த நிறத்தைக் காட்டுவது அப்போதுதான். கிட்ட வராதே என்று."

புதுச்சேரிக்காரர் மூக்குக்கண்ணாடியை மாட்டினார். பெட்டியைக் கண்ணாடிக்கு முதுகு காட்டித் திருப்பினார். சின்ன விரலால் வயிற்றுப் பக்கம் மிக மெல்லத் தொட்டார். பிறகு விரலை எடுத்துத் தன் கோட்டில் வைத்துக்கொண்டார், சுட்டுவிட்டது போல.

"சரியாச் சொல்றா" என்றார். "எனக்கே தெரியல. மேடைக்கு நோ. இந்த வெக்கையில, இந்தச் சத்தத்துல, முட்டையை உள்ளயே அடக்கி வெச்சுக்கும். அடக்கினா செத்துடும். உடனே வீட்டுக்குப் போயி, குளிர்ச்சியா மண்ணு போட்டு விடணும். தோண்டறதுக்கு."

அத்தான் பேரம் பேசத் தொடங்கினார். "ஐயா, ஒரேயொரு சேலைக்கு."

"நோ முசியே."

"ஒரு ஆலத்திக்கு."

"நோ."

"லைற்றைக் குறைக்கிறம்."

"அங்கே உறைபனி விழும். இங்கே நீங்க உறைபனி போடுவீங்களா?"

அத்தான் கொஞ்சம் யோசித்தார். போட முடியும் என்றால் போட்டிருப்பார். பிறகு வீடியோக்காரர் பக்கம் திரும்பினார். அவர் பிளாஸ்ரிக்கில் ஒன்று உடனே எடுக்கலாம் என்று சொல்ல வாயெடுத்தார்.

"உயிருள்ளது என்றுதான் சொன்னேன்" என்றாள் மருமகள்.

அப்போதுதான் அக்கா அதைச் செய்தா. தோளில் கிடந்த சால்வையை எடுத்துப் பெட்டியை நன்றாக மூடினா. எங்கள் எல்லோருக்கும் பெட்டிக்கும் இடையில் வந்து நின்றா.

"பிள்ளைத்தாச்சியாம். பிள்ளைத்தாச்சியைக் கொண்டுபோய் இந்தச் சனத்துக்கு முன்னாலை வைக்கேலாது. வெளியிலை இருக்கிறதுகள் எல்லாம் என்ன கண்ணோடை வந்ததுகளோ. கண்ணூறு படும்."

 மருமகள் தாயைப் பார்த்தாள். மிகச் சாதாரணமாக, நேரம் என்ன என்று கேட்கிற குரலில் கேட்டாள்:

"எனக்கு?"

பிரெஞ்சில்தான் கேட்டாள். அக்காவுக்குப் பிரெஞ்சு அவ்வளவு ஓடாது. அந்த ஒரு சொல்லுக்கு ஓடியது. சால்வை இல்லாத தோளோடு அவ அப்படியே நின்றா. மேக்கப்காரப் பெண் தூரிகைகளைக் கழுவத் தொடங்கினா, அவை ஏற்கெனவே கழுவியிருந்தும்.

நான் வானின் சாவியை எடுத்தேன். "நான் இதைக் கொண்டுபோய் விட்டிட்டு வாறன்."

"நீ போனா ஆர் தேங்காய் உடைக்கிறது?" என்றார் அத்தான்.

"வந்து உடைக்கிறன்."

"எப்ப வருவாய்?"

"தெரியாது, அத்தான். மண் எடுக்க வேணும்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் பச்சோந்தி என்ற சொல் தெளிவாக இருந்தது, லாச்சப்பல் அர்த்தத்தில். அக்கா மட்டும் மகளின் பின்னால் போய் நின்று, அந்த இரவல் முடியில் குத்தியிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினா.  ஊசிகளைத் தன் சேலைத் தலைப்பில் குத்திக்கொண்டே போனா.

மேடையில் இருந்து டிஜே அடுத்து என்ன என்று ஆள் அனுப்பினார். புதுச்சேரிக்காரர் தன்னுடைய பேச்சை மடித்து உள்சட்டைப் பையில் வைத்தார். "அது முக்கியமில்ல. நான் வண்டிக்குப் போறேன்."

"இல்லை ஐயா" என்றார் அத்தான்.  "உங்களுக்கு வாக்குத் தந்தனான். பேசிப்போட்டுப் போங்கோ."

அதைச் சொன்ன பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பது அத்தானுக்கு உறைத்தது என்று நினைக்கிறேன். ஒருவருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிற அறையில் மற்றவருக்குக் கொடுத்த வாக்கும் இருந்தது. அது மஞ்சள் சேலையோடு கதிரையில் இருந்து, சால்வை மூடிய பெட்டியை மடிக்கு எடுத்துக்கொண்டிருந்தது.

புதுச்சேரிக்காரர் மேடையில் ஏறியபோது நான் பக்கத்துக் கதவடியில் நின்றேன். மண்டபம் நிறையச் சேலைகள், கோட்டுகள், பொரித்த ரோல்ஸ் மணம். பரிசுப் பணம் அடைத்த உறைகளோடு எல்லோரும் பெண்ணைப் பார்க்கத் திரும்பினார்கள். கம்பளிக் கோட்டோடு ஒரு கிழவர் வந்தார். மைக்கைத் தட்டிப் பார்த்தார். நெடுங்காலமாக வைத்திருந்த பேச்சில் அவர் சொன்னது இவ்வளவுதான்:

"மெதாம், முசியே. ஒரு மலைப் பச்சோந்தியை உங்களுக்குக் காட்டறதா இருந்தேன். அவங்க வரல. அவங்க நெறம் மாறிட்டாங்க. கோவத்துல இல்ல, நோவுல இல்ல, ஒளியறதுக்கும் இல்ல. கிட்ட வராதேன்னு சொல்றாங்க. அவங்க ஊர்ல ஆம்பளைங்க அதைப் பாத்தா திரும்பிப் போயிடுவாங்க. அவ்ளோதான். சாப்பாடு நல்லா இருக்கும்னு நெனைக்கிறேன். வாலா."

 பின் வரிசையில் ஒருவர் கை தட்டினார். எதற்கும் தட்டுகிறவர் அவர். மற்றவர்களும் தட்டினார்கள். பக்கத்தில் ஒரு மாமி இன்னொரு மாமியிடம் சொன்னது கேட்டது: "நல்லாப் பேசுறார். ஆரைப் பற்றிப் பேசுறார்?"

"ஆருக்குத் தெரியும். எலெக்சனோ தெரியேல்லை."

வானைப் பின்வாசலுக்கு எடுத்தேன். முன்னிருக்கை மூன்று பேருக்கானது. புதுச்சேரிக்காரர் யன்னல் கரையில் ஏற இருந்தார். மருமகள் வந்து, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவருக்கு முன்னம் ஏறி நடுவில் இருந்தாள். குட்டைத் தலைமுடி, அவளுடைய சொந்த முடி, ஊசி குத்திய தடங்களோடு குத்திட்டு நின்றது. முகத்தில் பாதி துடைத்துவிட்டாள். பாதி வெள்ளை, பாதி அவள். பெட்டி மடியில். சால்வையின் மேல் இரண்டு கையையும் வைத்திருந்தாள்.

"எங்கள் வீட்டுப் பல்கனிப் பூச்சாடியில் மண் இருக்கிறது" என்றாள் அவரிடம். "ஈரமாக இருக்க வேண்டும். தோண்டினால் இடியக் கூடாது. சரிதானே?"

"சரிதான். போட்டு மூடிட்டுப் போயிடும். பிறகு மாசக்கணக்கு. நடுவுல ஒரு குளிர் காலம் வேணும் அந்த முட்டைக்கு. குளிர் படலேன்னா பொரிக்காது."

நான் சாவியைத் திருப்பினேன். ஹீற்றரை நிறுத்தினேன். அப்போதுதான் அத்தான் பின்கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். மேல்சட்டை இல்லை, கோட்டு இல்லை. பட்டு வேட்டி, பட்டுச் சால்வை, வெள்ளை மூச்சு. கையில் ஒரு பொதி. ரோல்ஸ், எண்ணெய் தாளில் ஊறியிருந்தது. யன்னலுக்குள்ளால் என் கையில் தராமல், எனக்கு முன்னால் கையை நீட்டி அவளுடைய மடிப் பக்கம் வைத்தார். பெட்டியில் படாமல் வைத்தார்.

உள்ளே டிஜே ஒரு பாட்டைப் போட்டு, அதை நிறுத்தி, வேறொன்றைப் போட்டார். எங்களுக்குப் பின்னால் ஒரு மண்டபம் நிறையச் சனம் ஒரு பெண்ணுக்காகக் காத்திருந்தது. அத்தானின் பல் கிட்டியது. வானின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அவரை நீண்டகாலமாகப் பார்க்கிறேன். என்ன சொல்வதென்று இன்னொருவரிடம் கேட்டு நான் கண்டதில்லை.

"சனத்துக்கு நான் என்னத்தைச் சொல்ல?" என்று அவளிடம் கேட்டார்.

 அவள் தமிழில் சொன்னாள்.

"என்னைப் பற்றி ஒண்டும் சொல்லாதேங்கோ அப்பா. சாப்பிடச் சொல்லுங்கோ."